சாரணர் இயக்கத்தில் சேர எந்த வயது? சிங்கப்பூரில் பதில் வகுப்பறையில் இருக்கிறது

பிள்ளையைச் சாரணர் இயக்கத்தில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது வயதைத்தான். அந்தக் கேள்விக்கு நேரடியான பதில் உண்டு. சிங்கப்பூர்ச் சாரணர் சங்கத்தில் நான்கு பிரிவுகள். ஏழு வயது முதல் பன்னிரண்டு வரை குருளைச் சாரணர். உயர்நிலைப்பள்ளிக்குப் போனதும் சாரணர். பதின்ம வயதின் பின்பகுதியில், பதினெட்டு வரை, வென்ச்சர் சாரணர். அதற்கு மேல் இருபதுகளின் நடுப்பகுதி வரை ரோவர் சாரணர். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குத் திரிசாரணர் என்றால் உடனே புரியும். பெண் பிள்ளைகளையும் சாரணர் சங்கம் சேர்த்துக்கொள்கிறது. அதோடு, அவர்களுக்கென்றே சாரணியர் இயக்கம் 1917 முதல் இங்கே தனியாக இயங்கி வருகிறது. அதில் சிறுமிகளுக்கு பிரவுனி, வளர்ந்த பிள்ளைகளுக்கு சாரணியர் என்று பிரிவுகள்.

சரி, பையனுக்குப் போன மாதம் ஏழு முடிந்துவிட்டது, பெயர் கொடுத்துவிடலாம் என்று பள்ளிக்குப் போன் போட்டால், "எந்த வகுப்பு?" என்றுதான் கேட்பார்கள். பிறந்த தேதியைக் கேட்பவர்கள் குறைவு. இதில் பலர் குழம்பிப்போகிறார்கள். சங்கத்தின் பட்டியல் வயதில் எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறை வகுப்பில் ஓடுகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில்தான் பிள்ளைகள் ஓராண்டு, இரண்டாண்டு இழக்கிறார்கள்.

காரணம், இங்கே சாரணர் இயக்கம் குடியிருப்பது பள்ளிக்கூடத்துக்குள். பிரிட்டனில் மாலை ஏழு மணிக்கு ஏதாவது ஊர் மண்டபத்தில் கூடுவார்கள், எந்தப் பள்ளிப் பிள்ளையும் போகலாம். சிங்கப்பூரில் பெரும்பாலான குழுக்கள் ஒரு குறிப்பிட்ட பள்ளியின் இணைப்பாட நடவடிக்கை. அந்தப் பள்ளி மாணவருக்கு மட்டும்தான் இடம். சாரணர், சாரணியர், செஞ்சிலுவை, பாய்ஸ் பிரிகேட், தேசிய மாணவர் படை, தேசியக் காவல் மாணவர் படை எல்லாமே சீருடைக் குழுக்கள் என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. ஆகவே "என் பிள்ளைக்குத் தகுதி உண்டா?" என்பதற்கு முன்னால் கேட்கவேண்டியது, "அவன் படிக்கும் பள்ளியில் குழு இருக்கிறதா?" என்பது. குழு இல்லாத பள்ளியில் ஏழு வயதானாலும் ஒன்றுதான், பத்து வயதானாலும் ஒன்றுதான். பள்ளிக்கு வெளியே இயங்கும் குழுக்களும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. அங்கேதான் உண்மையில் வயதுக் கணக்கு செல்லும்.

வயதுப் பிரிவுகள் இயக்கம் பிறந்த நாளிலேயே வந்தவை அல்ல. 1907 ஆகஸ்ட்டில் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது பையன்களை வைத்து முகாம் நடத்தியபோது, அது வளர்ந்த பையன்களுக்கான சோதனை முயற்சி. மூன்றே ஆண்டுகளில், 1910 ஜூலை 2ஆம் தேதி, சிங்கப்பூரிலும் இயக்கம் தொடங்கிவிட்டது. அதை இங்கே வளர்த்த முன்னோடி ஃபிராங்க் கூப்பர் சாண்ட்ஸ். மலாயாச் சாரணர் இயக்கத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அப்போது குருளைச் சாரணரும் கிடையாது, ரோவரும் கிடையாது. அண்ணன் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பும்போது தம்பி சும்மா இருப்பானா? சின்னப் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல்தான் 1916இல் எட்டு வயது முதல் பதினொன்று வரையிலானவர்களுக்குக் குருளைப் பிரிவு வந்தது. வளர்ந்த பிறகும் விட்டுப்போக மனமில்லாதவர்களுக்கு 1918இல் ரோவர் பிரிவு. அதாவது கீழிருந்தும் மேலிருந்தும் வந்த நெருக்கடியில் எல்லைகள் நகர்ந்திருக்கின்றன. இன்னும் நகர்கின்றன. பிரிட்டன் 2021 முதல் நான்கு வயதுப் பிள்ளைகளையே அணில் பிரிவு என்று சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் பாலர் வகுப்பிலேயே சிங்கக்குட்டிகள். சிங்கப்பூரில் கீழ் எல்லை ஏழிலேயே நிற்பதற்குக் காரணம் தொடக்கப்பள்ளி ஏழு வயதில் தொடங்குவதுதான் என்பது என் கணிப்பு. பாலர் பள்ளிகளுக்குள் சாரணர் நுழையாதவரை அது இறங்கப்போவதில்லை.

வகுப்பே வயதை முடிவு செய்கிறது என்றால், வகுப்பை முடிவு செய்வது எது? ஜனவரி. சிங்கப்பூரில் ஓர் ஆண்டு ஜனவரி 2 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்த பிள்ளைகள் ஒன்றாகத் தொடக்கநிலை 1க்குப் போகிறார்கள். ஜனவரி 5ஆம் தேதி பிறந்தவளும் டிசம்பர் 28ஆம் தேதி பிறந்தவனும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளி திறக்கும்போது முன்னவளுக்கு ஏழு ஆகப்போகிறது. பின்னவனுக்கு ஆறு வயது ஆகிச் சில நாள்கள்தான் இருக்கும். கண்டிப்பாக வயதைப் பார்த்தால் அவன் ஆண்டு முழுவதும் குருளைச் சாரணராக முடியாது. வகுப்பைப் பார்த்தால் இருவரும் சமம். பள்ளிகள் இரண்டாவது வழியில்தான் போகின்றன, அதுதான் நியாயமும்கூட. ஒரே வகுப்பில் பாதிப் பேரைச் சேர்த்துக்கொண்டு மீதிப் பேரைப் பிறந்தநாள் வரட்டும் என்று காக்கவைத்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படி விளங்கவைப்பது? (புத்தாண்டு அன்றே பிறந்த பிள்ளைதான் பாவம். ஒரு நாள் வித்தியாசத்தில் வகுப்பிலேயே கடைக்குட்டியாகிவிடும்.)

ஆனால் இங்கேயே இன்னொரு திருப்பம். தாளில் ஏழு என்று இருந்தாலும் பெரும்பாலான தொடக்கப்பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கை தொடங்குவது தொடக்கநிலை 3இல். அப்போது பிள்ளைக்கு ஒன்பது நடக்கும். ஆக, தொடக்கநிலை 1இலேயே கழுத்துப்பட்டை கட்டிவிடலாம் என்று கனவு காணும் அப்பா அம்மா இரண்டு ஆண்டு பொறுக்கவேண்டியிருக்கும். அதனால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. குருளைப் பிரிவின் விருதுகள் வெண்கல அம்பு, வெள்ளி அம்பு, தங்க அம்பு, கடைசியில் அகேலா விருது என்று படிப்படியாகப் போகும். தொடக்கநிலை 3இல் சேர்ந்த பிள்ளைக்கும் அவற்றைத் தொட நேரம் இருக்கிறது. நான்காம் ஐந்தாம் வகுப்பில் "நண்பன் சேர்ந்திருக்கிறான், நானும்" என்று வருபவனுக்குத்தான் நேரம் இடிக்கும். தொடக்கநிலை 6 வந்துவிட்டால் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வீட்டையே பிடித்துக்கொள்ளும். அந்த ஆண்டில் முகாமாவது கூடாரமாவது.

பிஎஸ்எல்இ முடிந்ததும் ஏணியின் முதல் விரிசல். குருளைச் சாரணராக இருந்த பிள்ளை உயர்நிலை 1இல் தானாகச் சாரணராக ஏறிவிடுவதில்லை. வேறு பள்ளி, வேறு சீருடை. அந்தப் பள்ளியில் சாரணர் குழு இல்லாமலே போகலாம். இருந்தாலும் விருப்ப வரிசை எழுதிக்கொடுத்து, இடம் கிடைத்தால்தான் உண்டு. இதன் மறுபக்கம் ஒரு நல்ல செய்தி. குருளைப் பிரிவையே பார்க்காத பிள்ளையும் உயர்நிலை 1இல் புதிதாகச் சேரலாம். பலர் அப்படித்தான் சேர்கிறார்கள். "சின்ன வயதில் சேர்க்காமல் விட்டுவிட்டோமே" என்று வருத்தப்படும் பெற்றோருக்கு இதைச் சொன்னால் முகம் தெளியும்.

உயர்நிலையில் ஏன் எல்லாரும் இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு லீப்ஸ் 2.0 என்ற மதிப்பீட்டு முறை ஒரு காரணம். 2014இல் வந்தது. தொடக்கப்பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை ஊக்குவிக்கப்படும் ஒன்று, உயர்நிலையில் கட்டாயம். பங்கேற்பு, தலைமைத்துவம், சாதனை, சேவை என்று நான்கு தலைப்புகளில் மாணவரின் நிலை கணக்கிடப்பட்டு, 'மிகச் சிறப்பு' என்றால் இரண்டு, 'நன்று' என்றால் ஒன்று என்று தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிச் சேர்க்கையில் ஊக்கப் புள்ளிகள் கிடைக்கும். பங்கேற்பில் ஆண்டுக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒரே நடவடிக்கையில் தொடர்ந்து இருந்தவர் மேலே போவார். இப்போது பாருங்கள், "உயர்நிலை 3இல் வந்து சாரணர் இயக்கத்தில் சேரலாமா?" என்றால் வயதின்படி தாராளமாக. சங்கத்தின் கணக்கில் பதினைந்து வயது ஒரு தடையே இல்லை. ஆனால் பள்ளி யோசிக்கும், பிள்ளையும் யோசிக்கும். இரண்டு ஆண்டை வேறெங்கோ செலவழித்தவர் இங்கே பங்கேற்பிலும் தலைமைத்துவத்திலும் அடியிலிருந்து தொடங்கவேண்டும். அணித்தலைவர் பொறுப்பு அதற்குள் வேறு யாருக்காவது போயிருக்கும். வயதுத் தகுதி இருந்தும் காலம் கடந்துவிட்ட நிலை இதுதான். நேர்மையாகச் சொன்னால், புள்ளிக்காகச் சாரணர் ஆகிறவர்கள் முதல் மழை முகாமிலேயே தெரிந்துவிடுவார்கள். ஆனாலும் அந்த இரண்டு புள்ளியை யாரும் லேசாக விடுவதில்லை.

தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இதில் கூடுதலாக ஒரு முடிச்சு. தங்கள் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாதவர்கள், பள்ளி முடிந்தபின் பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ, தமிழ் நடத்தும் வேறொரு பள்ளிக்கோ போய்ப் படிக்கிறார்கள். சாரணர் பயிற்சியும் பள்ளி முடிந்தபின்தான். இரண்டும் ஒரே நாளில் விழுந்தால்? திடலில் மற்றவர்கள் மூங்கில் கழிகளைக் கயிற்றால் கட்டிக் கோபுரம் எழுப்பத் தொடங்கும் நேரத்தில், இந்தப் பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஃபேரர் பார்க் ரயில் பிடிக்கவேண்டும். வருகைப் பதிவேட்டில் அது எப்படிப் பதியப்படும், தாமதமாக வரலாமா, பாதியில் கிளம்பலாமா என்பதெல்லாம் பள்ளிக்குப் பள்ளி, ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். ஆகவே உயர்நிலை 1இல் விருப்ப வரிசை எழுதும்போதே தமிழ் வகுப்பு எந்த நாள், பயிற்சி எந்த நாள் என்று இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். பட்டியலில் இருக்கும் வயது வரம்பைவிட இந்த நாள் மோதல்தான் நம் பிள்ளைகளை அதிகம் தடுக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊரிலிருந்து வரும் பிள்ளைகளின் கதை வேறு. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் குருளையர் பிரிவு ஐந்தாறு வயதிலேயே தொடங்கிப் பத்து வயதோடு முடிந்துவிடும். பத்தைத் தாண்டினால் சாரணர், சாரணியர். மதுரையிலோ திருச்சியிலோ ஆறாம் வகுப்பில் சாரணர் உறுதிமொழி எடுத்துச் சின்னம் குத்திக்கொண்ட பதினொரு வயதுப் பையனை அப்பாவின் வேலை சிங்கப்பூருக்குக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே அவனுக்குத் தொடக்கநிலை 5இல் இடம் கிடைக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு எந்த நிலை என்பதை வயதும் நுழைவுத் தேர்வும் சேர்ந்து முடிவு செய்யும், சில சமயம் ஒரு வகுப்பு கீழேயும் உட்காரவைப்பார்கள். தொடக்கநிலை என்றால் குருளைப் பிரிவுதான். அங்கே சாரணராக இருந்தவன் இங்கே மறுபடி குருளை! பையனுக்கு முகம் சுருங்கும். ஆனால் இது தண்டனை ஒன்றும் இல்லை, கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்ற வேறுபாடு அவ்வளவுதான். உறுதிமொழியின் சாரமும் மூன்று விரல் வணக்கமும் ஒன்றுதான், முடிச்சுகளும் அவைதான். முன்பு பெற்ற சான்றிதழ்களைக் கையோடு கொண்டுவந்து குழுத் தலைவரிடம் காட்டுவது நல்லது. பயிற்சியில் அவனை எங்கே வைப்பது என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.

அமெரிக்காவில் சில ஆண்டு இருந்துவிட்டு இங்கே மாறி வரும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்கள் பேசும் கணக்கு இன்னொரு மாதிரி. அமெரிக்க இயக்கத்தில் சின்னப் பிள்ளைகள் வகுப்புவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். முதல் வகுப்பு புலி, இரண்டாம் வகுப்பு ஓநாய், மூன்றாம் வகுப்பு கரடி. வகுப்போடு வயதும் மாற்று வழியாக ஒட்டியிருக்கும்: முதல் வகுப்பு அல்லது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு அல்லது எட்டு வயது என்று. அடுத்த பிரிவுக்குப் போக மூன்று கதவு. பதினொரு வயது ஆகியிருந்தால் சேரலாம். பத்து வயதில் குருளைப் பிரிவின் கடைசி விருதைப் பெற்றிருந்தால் சேரலாம். பத்து வயதாகி ஐந்தாம் வகுப்பில் இருந்தால் மார்ச் 1ஆம் தேதிக்குப் பிறகு சேரலாம். எனக்கு இந்த முறையில் பிடித்தது, வயது, வகுப்பு, உழைப்பு மூன்றில் எது முதலில் வந்தாலும் கதவு திறப்பது. ஆனால் மேல் எல்லையில் இந்தத் தாராளம் இல்லை. பதினெட்டாம் பிறந்தநாளோடு கதவு சாத்தப்படும். அங்கே உச்ச விருதான ஈகிள் விருதுக்கான வேலைகளை அதற்குள் முடித்தாகவேண்டும். உடற்குறையோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ளவர்களுக்கு மட்டும் பதினெட்டைத் தாண்டியும் தொடர விலக்கு உண்டு. கீழே வகுப்பும் மேலே வயதும் ஆள்வதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. சின்னப் பிள்ளைக்குத் தேவை வகுப்புத் தோழர்கள். பதினெட்டு ஆனவர் சட்டப்படி பெரியவர், அவரைச் சிறுவர்களோடு ஒரே கூடாரத்தில் படுக்கவைக்க முடியாது.

சிங்கப்பூரிலும் மேல்முனையில் வயது திரும்ப வந்துவிடுகிறது. வென்ச்சர் பிரிவின் உச்சம் அதிபர் சாரணர் விருது. சிங்கப்பூர் அதிபர்தான் இங்கே தலைமைச் சாரணரும். பள்ளி முடியும் வயதுக்குள் அதை எட்டவேண்டும். உயர்நிலை 4 அல்லது 5இல் பள்ளியை விட்டுத் தொடக்கக் கல்லூரிக்கோ, பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ, ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கோ போகும்போது ஏணியில் இரண்டாவது விரிசல். புதிய இடத்தில் பெரும்பாலும் குழு இருக்காது. பழைய பள்ளிக் குழுவில் வென்ச்சராகத் தொடர்பவர்கள் உண்டு, காணாமல் போகிறவர்கள் அதைவிட அதிகம். அப்புறம் பையன்களுக்கு இரண்டு ஆண்டு கட்டாயப் படைப்பணியான தேசிய சேவை. ரோவர் பிரிவு தொடங்கும் வயதும் தேசிய சேவை தொடங்கும் வயதும் ஒன்றாக இருப்பது இந்த நாட்டில் அந்தப் பிரிவுக்கு வாய்த்த நேரம்.

வகுப்பை யாரும் ஏறெடுத்தும் பார்க்காமல், பிறந்த தேதியை மட்டும் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது: உலகச் சாரணர் ஜம்போரி என்ற பெருமுகாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. பதினான்கு முதல் பதினேழு வயதினர் பங்கேற்கலாம். 2019இல் அமெரிக்காவில் நடந்ததற்கு 2001 ஜூலை 22 முதல் 2005 ஜூலை 21 வரை பிறந்தவர்கள் போகலாம் என்றார்கள். 2023இல் தென்கொரியாவின் சேமங்கத்தில் நடந்ததற்கு 2005 ஜூலை 22 முதல் 2009 ஜூலை 31 வரை. ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்குவதைக் கவனியுங்கள். நான்கு ஆண்டு இடைவெளிக்கு நான்கு ஆண்டு அகலம். உலகத்தில் எந்தச் சாரணருக்கும் பங்கேற்பாளராகப் போக ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். ஆனால் எந்த ஆண்டில் பிறந்தவருக்கும் அந்த ஒரு முறை கட்டாயம் உண்டு. எல்லாரையும் ஒரே கண்ணோடு பார்க்கும் இந்தக் கணக்குக்கு ஒரு குறை: அந்த ஒரு முறை கெட்டுப்போனால் மறுமுறை கிடையாது. சேமங்கத்தில் கடும் வெப்பத்தில் பிள்ளைகள் சுருண்டு விழ, பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர்க் குழுவினர் பாதியிலேயே முகாமை விட்டு வெளியேறினார்கள். பிறகு புயல் எச்சரிக்கை வந்து மொத்த முகாமும் காலி செய்யப்பட்டது. அந்தச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 2027இல் போலந்தில் நடக்கும் ஜம்போரிக்குப் போகவேண்டுமென்றால் பதினெட்டு தாண்டிய தொண்டர்களாகத்தான் போகமுடியும். இப்போது உயர்நிலையின் தொடக்க வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அது பங்கேற்பாளர் முறை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பிறந்த தேதியைக் குழுத் தலைவரிடம் இப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி பள்ளியில் குழுவே இல்லாதவர்கள் என்ன செய்வது? பள்ளிக்கு வெளியே இயங்கும் குழு வீட்டுக்கு அருகில் உண்டா என்று சாரணர் சங்கத்தின் பிஷான் தலைமையகத்தில் கேட்கலாம். உயர்நிலை என்றால் மற்ற சீருடைக் குழுக்களைப் பார்க்கலாம். தேசிய மாணவர் படையும் காவல் மாணவர் படையும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. பெண் பிள்ளையென்றால் பிரவுனியும் சாரணியரும் தனி வாசல்கள். பிஎஸ்எல்இக்குப் பின் பள்ளிகளைத் தெரிவு செய்யும்போது, தூரம், கடந்த ஆண்டுப் புள்ளி எல்லாவற்றோடும் அந்தப் பள்ளியின் இணைப்பாட நடவடிக்கைப் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துவிடுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஒரு பள்ளியில் குருளைக் குழு இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் அங்கே அதை எடுத்து நடத்த ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. பொறுப்பாசிரியர் மாறிப்போனாலோ, சனிக்கிழமை முகாமுக்குக் கூடவர யாரும் இல்லாமல் போனாலோ, குழு மெலியும். வென்ச்சரிலும் ரோவரிலும் தொடரும் பழைய மாணவர்கள்தான் பல பள்ளிகளில் அந்த ஓட்டையை அடைக்கிறார்கள். வயது வந்த எவரும் பயிற்சி எடுத்துத் தலைவராகலாம். அந்தப் பக்கத்தில் மேல் வரம்பு பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, முடி நரைத்தவர்களும் அரைக்கால் சட்டையோடு சரிம்பூன் சாரணர் முகாமில் பிள்ளைகளுக்கு அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.